பெட்டியில் 165 வாட், உள்ளே எத்தனை?

வாசகர் கேள்வி – பதில்: ஹோம் தியேட்டர் ரிசீவர்

கேள்வி: இரண்டு ஏ.வி. ரிசீவர்களில் ஒன்றை வாங்க நினைக்கிறேன். ஒன்றில் ‘சேனலுக்கு 165 வாட் (6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டி.எச்.டி., 1 சேனல்)’ என்று இருக்கிறது. மற்றதில் ‘80 வாட் (8 ஓம், 20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், 0.08% டி.எச்.டி., 2 சேனல்)’. 165 தானே பெரியது?

பதில்: அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சேர்த்து எழுதி அனுப்பினீர்களே, அதற்கு நன்றி. பலரும் எண்ணை மட்டும் அனுப்பிவிட்டுத் தீர்ப்புக் கேட்கிறார்கள். விஷயமே அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கிறது.

முதலில் ஓம், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை. ரிசீவருக்குள் இருந்து ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) கொடுப்பது வோல்ட்டேஜ். அதே வோல்ட்டேஜில் 6 ஓம் ஸ்பீக்கர், 8 ஓம் ஸ்பீக்கரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாட் இழுக்கும். 8 ஓமில் 80 என்பது 6 ஓமில் 107 ஆகிவிடும். உள்ளே ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை, எண் மட்டும் 27 ஏறிவிட்டது.

அடுத்தது டி.எச்.டி., அதாவது ஒலி எவ்வளவு சிதைகிறது என்ற கணக்கு. 0.08% காதுக்குத் தெரியாது. 10% என்பது அலையின் தலையும் காலும் தட்டையாக வெட்டுப்பட்டு, சத்தம் கரகரக்கும் நிலை. யாரும் அப்படிப் படம் பார்க்க மாட்டார்கள். ஆனால் அதுவரை தள்ளி அளந்தால், சுத்தமான அளவைவிட கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அதிகமாக மீட்டர் காட்டும். 107 இப்போது 140 பக்கம் வந்துவிட்டது.

கடைசியாக ‘1 சேனல், 1 கிலோஹெர்ட்ஸ்’. சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கான ஆம்ப். ஏழு பேர் பந்தியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவது மாதிரிதான் இது. பவர் சப்ளை ஒரே ஒரு ஆம்ப்பைத் தாங்கினால் போதும், வோல்ட்டேஜ் இறங்காது. பேஸ் ஒலியின் பாரமும் கிடையாது. 140 சுலபமாக 165 ஆகும்.

ஆக, நீங்கள் பார்த்த இரண்டும் ஏறக்குறைய ஒரே சக்தி கொண்டவையாக இருக்கலாம். 165 வாட்காரரின் முழு ஸ்பெக் ஷீட்டை எடுத்து ‘8 ஓம், 20 – 20,000 ஹெர்ட்ஸ், 0.1 சதவீதத்துக்குள், 2 சேனல்’ என்ற வரியைத் தேடுங்கள். இருந்தால் அதை மட்டும் ஒப்பிடுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால், அதைச் சொல்ல அவர்களுக்கு மனமில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

இந்த எண் விளையாட்டு புதிதல்ல. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்ப் வாட்டை எந்த நிபந்தனையில் அளந்தார்கள் என்று சொல்லியாக வேண்டும் என 1974லேயே விதி போட்டது. 2024ல் அதைத் திருத்தி, அளக்கும் நிபந்தனையையே ஒன்றாக்கியது.

கேள்வி: மேசை மேல் வைக்கும் ஒரு ஸ்பீக்கர் செட்டில் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று இருக்கிறது. இது ரிசீவரைவிடப் பெரியதா?

பதில்: அதன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் 12 × 3 = 36 வாட். சுவரிலிருந்து 36 வாட் வாங்கி 5000 வாட் கொடுக்கிற மெஷின் இன்னும் பிறக்கவில்லை. பி.எம்.பி.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய்.

கேள்வி: என் 7 சேனல் ரிசீவரில் சேனலுக்கு 100 வாட். ஆனால் பின்பக்க ஸ்டிக்கரில் மின்செலவு 480 வாட் என்றுதான் இருக்கிறது. 7 × 100 = 700 எப்படி வரும்? ஏமாற்றுகிறார்களா?

பதில்: இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுக் கோபப்படுகிறவர்கள் நிறைய. கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

நியாயமில்லாத பாதியை முதலில் சொல்கிறேன். அந்த 480, ரிசீவர் இழுக்கக்கூடிய உச்ச அளவு அல்ல. பாதுகாப்புப் பரிசோதனையில் ஆம்ப்பை அதன் திறனில் 8ல் 1 பங்கில் ஓட்டி அளப்பதுதான் வழக்கம். பாட்டும் படமும் ஓடும்போது சராசரி சக்தி அதற்கு மேல் போவது அபூர்வம், அதனால்தான் அப்படி. ஆகவே ஸ்டிக்கரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

நியாயமான பாதி: ஏழு சேனலும் ஒரே நேரத்தில் 100 வாட் கொடுக்கவே கொடுக்காது. பெரும்பாலான ரிசீவர்களில் இருக்கும் ஏ.பி. வகை ஆம்ப் முழு சக்தியில் ஓடும்போதுகூட, இழுக்கும் மின்சாரத்தில் 60 – 65 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். மிச்சம் சூடு. 700 வாட் வெளியே வர, சுவரிலிருந்து 1,100 வாட்டாவது போகவேண்டும். பத்து கிலோ ரிசீவருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காது. இரண்டு சேனலில் 100 கொடுக்கும் ரிசீவர், ஏழையும் முறுக்கினால் 40 – 60 வாட்டுக்கு இறங்குவது சகஜம்.

இது உங்களைப் பாதிக்குமா? பெரும்பாலும் இல்லை. எந்தப் படத்திலும் ஏழு ஸ்பீக்கரும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போவது அரிது, கனமான பேஸை, அதற்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் தன் சொந்த ஆம்ப்பில் பார்த்துக்கொள்கிறது. 100 பாதியாகி 50 ஆனாலும் காதுக்கு அது 3 டெசிபல்தான்.

கடையில் வைத்துத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: எடை. ஏ.பி. வகை ரிசீவரில் எடையில் பெரும்பங்கு டிரான்ஸ்ஃபார்மரும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கும்தான். ஒரே அளவு வாட் போட்ட இரண்டில் ஒன்று 8 கிலோ, இன்னொன்று 13 கிலோ என்றால், எல்லாச் சேனலும் உழைக்கும்போது எது நிற்கும் என்று சொல்லித் தெரியவேண்டாம். வேகமாக ஸ்விட்ச் ஆகி, சூட்டில் அதிகம் வீணாக்காத டி வகை ஆம்ப்புக்கு மட்டும் இந்தத் தராசு செல்லாது. அது லேசாக இருந்தாலும் வேலை செய்யும்.

கேள்வி: என் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 88 டெசிபல். உட்காரும் இடம் 3 மீட்டர் தள்ளி. எனக்கு எத்தனை வாட் வேண்டும்?

பதில்: வாட்டைப் பற்றி வரும் கடிதங்களில் உருப்படியான கேள்வி இது. காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

88 என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் அளந்தால் 88 டெசிபல். திறந்தவெளியில் 3 மீட்டர் தள்ளிப் போனால் 9.5 டெசிபல் குறையும். நாம் உட்காருவது அறைக்குள், சுவர்கள் கொஞ்சத்தைத் திருப்பித் தரும், 3 டெசிபல் என்று வையுங்கள். நிகரக் குறைவு 6.5. அதாவது 1 வாட்டுக்கு உங்கள் இருக்கையில் 81.5 டெசிபல்.

இனி இரண்டே விதி. வாட் இரட்டித்தால் 3 டெசிபல் ஏறும். வாட் பத்து மடங்கானால் 10 டெசிபல் ஏறும், காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தம். 10 வாட்டில் 91.5, 100 வாட்டில் 101.5.

எவ்வளவு சத்தம் தேவை? படங்களைக் கலக்கும் ஸ்டுடியோக்களின் ரெஃபரன்ஸ் அளவில், ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல் வரை போகும். கேலிபிரேஷன் செய்த (மைக்கால் அளந்து அறைக்கேற்பச் சரிசெய்த) ரிசீவரில் வால்யூம் ‘0’ என்பது அந்த அளவு. அதைத் தொட உங்களுக்கு 23.5 டெசிபல் ஏறவேண்டும், ஏறக்குறைய 225 வாட். பயந்துவிடாதீர்கள். வீட்டில் 0வில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அக்கம்பக்கம் சும்மா இருக்காது, காதும் வலிக்கும். மைனஸ் 10ல் உச்சம் 95 டெசிபல், அதற்கு 22 வாட் போதும். மைனஸ் 15ல் 7 வாட். ஒரு 80 வாட் ரிசீவர் தூங்கிக்கொண்டே செய்யும்.

இதையே வேறொரு அறையில் பாருங்கள். ஸ்பீக்கர் 84 டெசிபல், தூரம் 4.5 மீட்டர். தூரத்தில் 13 போய், சுவர் 3 தந்து, 1 வாட்டுக்கு 74 டெசிபல்தான் மிஞ்சும். அதே 95ஐத் தொட 126 வாட் வேண்டும். இங்கேதான் 80 வாட் திணறும். இதற்கு 160 வாட் ரிசீவர் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல். 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் கிடைப்பது 6, அதாவது வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். 80க்கும் 100க்கும் நடுவில் தவிப்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: அந்த வித்தியாசம் 1 டெசிபல்.

ஒரு பொறி. ஸ்பெக் ஷீட்டில் ‘2.83 வோல்ட், 1 மீட்டர்’ என்று போட்டிருந்தால் ஸ்பீக்கரின் ஓமையும் பாருங்கள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓமில் அது 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் போட்டிருக்கும் எண்ணில் 3 கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

கேள்வி: 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். ரிசீவர் மெனுவில் இம்பீடன்ஸை (ஸ்பீக்கரின் ஓம் அளவை) 4 ஓமுக்கு மாற்றவேண்டுமா?

பதில்: அந்த செட்டிங் ஆம்ப்பை 4 ஓமுக்குப் பலப்படுத்தாது. பெரும்பாலான ரிசீவர்களில் அது உள் சப்ளை வோல்ட்டேஜைக் குறைக்கும் அல்லது கரண்ட்டுக்குக் கடிவாளம் போடும், சூடு எல்லை தாண்டக்கூடாது என்பதற்காக. விளைவு: கிடைக்கும் வாட் கணிசமாகச் சுருங்கி, உச்சக் காட்சிகளில் முன்கூட்டியே வெட்டு விழும்.

முதலில் மேனுவலைப் பாருங்கள். சாதாரண நிலையிலேயே 4 ஓம் முதல் 16 ஓம் வரை அனுமதி என்று இருந்தால் தொடாதீர்கள். 6 ஓமுக்குக் கீழே கூடாது என்று இருந்தால், செட்டிங்கை மாற்றிவிட்டு மிதமான வால்யூமில் கேளுங்கள், அல்லது 4 ஓம் தாங்கும் ரிசீவராகப் பாருங்கள். எப்படியானாலும் மெனுவில் அந்த ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ ஆக்கி 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் (பேஸைப் பிரித்து அனுப்பும் எல்லை) வைத்தால், கரண்ட்டை அதிகம் குடிக்கும் பேஸ் பகுதி சப்வூஃபருக்குப் போய்விடும். ஆம்ப் மூச்சு விடும்.

கேள்வி: ஸ்பீக்கர் 150 வாட், ரிசீவர் 60 வாட். குறைந்த வாட் கொடுத்தால் ட்வீட்டர் (உயர் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விடும் என்கிறார்களே?

பதில்: குறைந்த வாட் எந்த ஸ்பீக்கரையும் கொன்றதில்லை. 60 வாட் ஆம்ப்பிடம் 150 வாட் சத்தம் கேட்டு முறுக்குவதுதான் கொல்லும். அப்போது பெரிய பேஸ் அலைகள் வெட்டுப்பட்டு அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடும். சின்ன உயர் அதிர்வெண் அலைகளோ வால்யூமோடு ஏறிக்கொண்டே இருக்கும், வெட்டுப்பட்ட அலையிலிருந்து பிறக்கும் சிதைவு அதோடு சேரும். ட்வீட்டரின் காயில் தலைமுடி போன்ற கம்பி, சில வாட் தொடர்ச்சியாகப் போனாலே சுட்டுவிடும். குரல் கரகரத்தாலோ, கைத்தட்டல் ஒலி காகிதம் கசக்குவது மாதிரி கேட்டாலோ உடனே 5 டெசிபல் இறக்குங்கள்.

கேள்வி: ஷோரூமில் இரண்டு ரிசீவர்களைக் கேட்டேன். ஒன்று தெளிவாக, விரிவாக இருந்தது, மற்றது மந்தம். வாட்டை விடுங்கள், ஒலித்தரம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

பதில்: இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது அதுதானா என்பது சந்தேகம். இரண்டு ஒலிகளில் ஒன்று 1 டெசிபல் உயர்ந்திருந்தால் நம் காது அதை ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது, ‘தெளிவு அதிகம்’ என்று சொல்லும். விற்பவர்கள் வேண்டுமென்று செய்யவேண்டியதில்லை. இரண்டு ரிசீவர்களில் வால்யூம் ஒரே எண்ணைக் காட்டினாலே அளவு வேறாக இருக்கும்.

சரியாக ஒப்பிட ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரே ஸ்பீக்கர் ஜோடி, இரண்டு ரிசீவரும் ‘டைரக்ட்’ மோடில், டைனமிக் வால்யூம், லவுட்னெஸ், டோன் எல்லாம் ஆஃப். 100 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்றைப் போடுங்கள் (1,000 ஹெர்ட்ஸில் மலிவு மீட்டர்கள் தப்பாகக் காட்டலாம்). ஸ்பீக்கர் இணைப்பு அப்படியே இருக்க, அதன் டெர்மினலில் ஏ.சி. வோல்ட் அளந்து முதல் ரிசீவரை 2.00 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாவதை 1.98க்கும் 2.02க்கும் நடுவில் நிறுத்துங்கள், 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும். வால்யூம் 0.5 டெசிபல் படிகளில் மட்டும் நகர்ந்தால் மிக நெருங்கிய படியில் நிறுத்துங்கள். அதன்பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும். முன்பு கேட்ட மலையளவு வித்தியாசம் மடுவாகிவிடும், அல்லது காணாமலே போகும்.

ஸ்பெக் ஷீட்டின் 0.05 சதவீதமும் 0.08 சதவீதமும் காதுக்கு ஒன்றுதான். சிக்னல் – நாய்ஸ் விகிதம் (ஒலிக்கும் பின்னணி இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி), 95 டெசிபலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு முக்கியம். அவர்கள் எதுவும் ஓடாதபோது ட்வீட்டரில் காதை வைத்து ‘ஸ்ஸ்’ கேட்கிறதா என்று பார்க்கலாம். உண்மையிலேயே ரிசீவருக்கு ரிசீவர் ஒலி மாறும் இடம் ரூம் கரெக்ஷன், அதாவது மைக்கால் அளந்து அறையின் குறைகளைத் திருத்தும் வசதி. ஆடிஸி, டிராக் லைவ், ஒய்.பி.ஏ.ஓ. என்று பெயர்கள் வேறு. ஒரே பெயருக்குள்ளும் படிநிலைகள் உண்டு. ஆடிஸியின் எக்ஸ்.டி.32, அடிப்படை மல்ட்இக்யூவைவிடப் பல மடங்கு நுணுக்கமான ஃபில்டர்கள் கொண்டது. 20 வாட் கூடுதலுக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுப்பேன்.

கேள்வி: ஆட்டோ கேலிபிரேஷன் ஓட்டிய பிறகு ஒலி சப்பென்று ஆகிவிட்டது. பேஸே இல்லை. ஆஃப் செய்தால் நன்றாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் மைக்கில். அதைச் சோபாவின் மேல் வைத்தீர்களா, கையில் பிடித்தீர்களா? இரண்டும் கூடாது. டிரைபாடில், உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில், மைக் முனை கூரையைப் பார்க்க நிற்கவேண்டும். சோபாவின் முதுகு உயரமாக இருந்தால் அதிலிருந்து ஒரு சாணாவது முன்னால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் அதில் பட்டுத் திரும்பும் ஒலியையும் அறையின் குறை என்று எண்ணித் திருத்திவிடும். முதல் இடம் நடு இருக்கை. மற்றவை அதைச் சுற்றி அரை மீட்டருக்குள். மூலையிலும் பின்சுவர் ஓரத்திலும் வைக்கவேண்டாம். ஃபேன், ஏ.சி., ஃப்ரிட்ஜ் சத்தம் நிற்கட்டும்.

சப்வூஃபர் இருந்தால் தொடங்கும் முன் அதன் பின்பக்க கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்புங்கள். வால்யூம் குமிழை, ரிசீவர் டோன் போடும்போது 75 டெசிபல் காட்டும்படி வையுங்கள்.

முடிந்த பிறகு மெனுவில் மூன்று இடம் பாருங்கள். ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று வந்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். தானாக 80க்கு மேல் வைத்திருந்தால் அதைக் குறைக்காதீர்கள், அந்த ஸ்பீக்கரால் அதற்குக் கீழே முடியவில்லை என்று அர்த்தம். சப்வூஃபர் தூரம் டேப் வைத்து அளந்ததைவிட ஓரிரு மீட்டர் கூடுதலாக இருக்கும். அது பிழையல்ல, சப்வூஃபருக்குள் இருக்கும் தாமதத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பலர் இதைத் ‘திருத்தி’விட்டுத்தான் பேஸைத் தொலைக்கிறார்கள். கடைசியாக, சப்வூஃபர் லெவலை 2 – 3 டெசிபல் ஏற்றிக்கொள்ளுங்கள். வால்யூம் இறங்கும்போது காதுக்கு பேஸ்தான் முதலில் மறையும். அதை ஈடுகட்டும் டைனமிக் ஈக்யூ இருந்தால் அதை ஆன் செய்தாலே போதும்.

கேள்வி: பிரீ-அவுட் (ஆம்ப்புக்கு முந்தைய சிக்னலை வெளியே தரும் சாக்கெட்) வழியாகத் தனி பவர் ஆம்ப் சேர்த்தால் பலன் உண்டா?

பதில்: மேலே சொன்ன கணக்கில் வாட் பற்றாதவர்களுக்கு உண்டு. முன்பக்க மூன்று சேனலை வெளி ஆம்ப்புக்குக் கொடுத்தால் ரிசீவரின் சப்ளை மிச்சச் சேனல்களுக்கு முழுசாகக் கிடைக்கும். வாங்கும் முன் கெய்ன், அதாவது உள்ளே வரும் வோல்ட்டேஜை ஆம்ப் எத்தனை மடங்காக்குகிறது என்று பாருங்கள். 8 ஓமில் 100 வாட்டுக்கு 28.3 வோல்ட் வேண்டும், 29 டெசிபல் கெய்ன் உள்ள ஆம்ப் அதற்கு 1 வோல்ட் கேட்கும். ரிசீவர் பிரீ-அவுட் சுலபமாகத் தரும். 23 டெசிபல் கெய்ன் என்றால் 2 வோல்ட், சில ரிசீவர்கள் அங்கே சிதைய ஆரம்பிக்கும். வாங்கிய பிறகு கேலிபிரேஷனை மறுபடி ஓட்ட மறக்கவேண்டாம்.

கேள்வி: சண்டைக் காட்சி வந்தால் ரிசீவர் ‘டிக்’ என்று அணைந்து, சிவப்பு விளக்கு மின்னுகிறது. வாட் போதவில்லையா?

பதில்: வாட் போதாவிட்டால் பெரும்பாலும் கரகரக்கும், அணையாது. அணைவது புரொடெக்ஷன், ரிசீவர் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களைப் பாருங்கள். முறுக்கிய செம்பு இழைகளில் ஒன்று பிரிந்து பக்கத்து டெர்மினலையோ பின்பக்கத் தகட்டையோ தொட்டுக்கொண்டிருப்பதுதான் பத்தில் எட்டு முறை. மெல்லிய சத்தத்தில் ஓடும், கரண்ட் ஏறியதும் விழும். ஒவ்வொரு முனையிலும் 10 மில்லிமீட்டர் மட்டும் உரித்து, இறுக்க முறுக்கி, மறுபடி செருகுங்கள். ஸ்பீக்கர் முனையிலும் இதையே செய்யுங்கள்.

அது சரியாக இருந்தால் மேல்தட்டில் கை வையுங்கள். தொட முடியாத சூடு என்றால் காற்றோட்டம் இல்லை. மேலே 10 – 15 செ.மீ. இடைவெளி வேண்டும், செட்-டாப் பாக்ஸை அதன் தலையில் ஏற்றக்கூடாது. சூடும் இல்லையென்றால் எல்லா ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். வெறுமனே இருக்கும்போதும் அணைந்தால் அது ரிசீவர் உள்ளே உள்ள கோளாறு, மெக்கானிக்கிடம் போகட்டும். அணையவில்லையென்றால் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சேர்த்து, அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள். எதைச் சேர்த்ததும் விழுகிறதோ அந்த ஸ்பீக்கரைக் கழற்றி அதன் டெர்மினலில் மல்டிமீட்டரால் ஓம் அளந்து பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 5.5லிருந்து 7 வரை காட்டும். 2 ஓமுக்குக் கீழே காட்டினால் அதன் காயில் ஷார்ட்.